கெட்டித் தண்ணீர்

திரையில் ஓடிய தண்ணீர் அவளுடையது அல்ல.

டம்ளர் அவளுடையதுதான். அது நிற்கும் மேசை, மேசை ஓரத்தில் சுருண்டு கிடக்கும் துணி, சன்னல் வழியாகச் சாய்ந்து விழும் வெயில், எல்லாம் அவளே கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக உண்டாக்கி வைத்தவை. டம்ளருக்குள் மேலிருந்து விழுந்து, ஒரு சுழல் சுழன்று, விளிம்பில் சற்றே தயங்கி, ஒரு பக்கமாக வழிந்து ஓடிய தண்ணீரைத்தான் அவள் இப்போது முதல் முறையாகப் பார்த்தாள். அவள் செய்த தண்ணீர் இப்படி வழியாது. விடிந்தும் எழுந்திருக்க மனமில்லாதவன் போர்வையை இழுத்துக்கொள்வதுபோல் மெதுவாக, கெட்டியாக இறங்கும். எந்த எண்ணை மாற்றினாலும் அது தேனாகத்தான் ஆனது, தண்ணீராக ஆகவில்லை.

விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்புக்கான நேர்காணல் அது. விண்ணப்பித்தவர்கள் தங்கள் கையால் செய்த காட்சிகளைச் சேர்த்து ஒரு சின்ன வீடியோவாக அனுப்ப வேண்டும், ரீல் என்பார்கள். அதைச் சுவரில் பெரிதாக ஓடவிட்டுக் கேள்வி கேட்பார்கள். துறைத்தலைவர் தண்ணீர் வரும் இடத்துக்கு வீடியோவைத் திருப்பிக் கொண்டுபோனார். மறுபடி ஓடவிட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடம் முடிச்சிட்டு நேரா வர்ற பிள்ளைங்ககிட்ட இப்படி ஒரு தண்ணிய நான் பார்த்ததில்லம்மா," என்றார். "எங்க கத்துக்கிட்டே?"

ரீலைக் கடைசியாகத் தொட்டது யார் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. "எங்க அண்ணன் இந்த வேலையிலதான் சார் இருக்காரு," என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

வராததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் அவளுக்குக் கோட்டான் என்று பெயர். சின்ன வயதில் அம்மா 'ஊமைக்கோட்டான்' என்று திட்டியது, கூப்பிட வசதியாகச் சுருங்கிச் செல்லப்பெயராகிவிட்டது. அவள் பேசாமல் இருந்தால் ஆளாளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். டீச்சர்கள் திமிர் என்றார்கள். சித்தி பயம் என்றாள். அடக்கம் என்று ஒருவர் நினைத்தது இதுவே முதல் தடவை.

துறைத்தலைவர் சீட்டைக் கொடுத்ததோடு விடவில்லை. முதல் வருடத்தில் அசைவின் அடிப்படை என்று ஒரு பாடம் உண்டு. தண்ணீர் எப்படி ஓடுகிறது, புகை எப்படிக் கிளம்புகிறது, துணி எப்படி விழுகிறது என்று அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தருவார்கள். இவளுக்கு அது தேவையில்லை, நேராகச் சீனியர்களின் லேபுக்கு வந்துவிடலாம் என்றார்.

"சார், நான் அந்த வகுப்புலயும் உக்காரலாமா?"

"நீந்தத் தெரிஞ்சவ எதுக்கும்மா கரையில காத்துக் கிடக்கணும்?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவள் முகமும் எப்படியோ சிரித்து வைத்தது.

அந்த வகுப்புக்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

வெளியே அப்பா வேனோடு காத்திருந்தார். காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றப் போவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் அவளை அழைத்து வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஊற்றிக்கொண்டது என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டர் இஞ்சினியரிங் எங்கேயும் ஓடிப் போய்விடவில்லை என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். சீட் கிடைத்துவிட்டது, அதுவும் நேராக மேல் வகுப்பு என்றதும் சாவியைக் கையில் வைத்தபடி வண்டியைக் கிளப்ப மறந்து உட்கார்ந்திருந்தார்.

இந்த ஒரு படிப்புக்காக அந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சினிமா முழுகினாலும் கம்ப்யூட்டர் மிதக்கும் என்பது அப்பாவின் கட்சி. அம்மா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டால், இன்னொரு தடவை விளக்க வேண்டாத எந்தப் படிப்பானாலும் அவளுக்குச் சரி. அண்ணன் மட்டும் ஆரம்பத்திலிருந்தே விஷுவல் எஃபெக்ட்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அவன் ஒரு குறுகிய காலப் பயிற்சியோடு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவன். அவனுடைய பிரிவுக்குப் பெயின்ட் என்று பெயர். ஆனால் தூரிகையும் கிடையாது, சாயமும் கிடையாது. கதாநாயகன் பறக்கும்போது முதுகில் தெரியும் கம்பியை அழிப்பான். கார்க் கண்ணாடியில் எட்டிப் பார்க்கும் கேமராக்காரரை அழிப்பான். நன்றாகச் செய்துவிட்டால் அங்கே யாரும் எதுவும் செய்ததே தெரியாது. ஒரு பட்டம் இருந்திருந்தால் இதற்குள் வேறு பிரிவுக்குப் போயிருக்கலாம் என்பது அவன் நெஞ்சில் கிடந்த கல். நான் கம்பியை அழித்தே கிழவனாகிவிடுவேன், நீயாவது தண்ணீர், நெருப்பு என்று எதையாவது உண்டாக்குகிற பக்கம் போ என்பான்.

அவளுக்கும் அந்தப் பக்கம்தான் ஆசை. எந்த வாசல் வழியாகப் போவது என்பதுதான் தெரியவில்லை. சாஃப்ட்வேரில் எண்ணை மாற்றினால் தண்ணீர் மாறியது; ஏன் மாறியது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. அங்கே இங்கே படித்துப் பார்த்ததில், அது கணக்கில் இருக்கிறது என்று தெரிந்தது. அதனால் ஒரு சாதாரணக் கல்லூரியில் கணிதப் பட்டப்படிப்புக்கும் போட்டு வைத்தாள். இடமும் கிடைத்தது. அதை வீட்டில் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் இந்தக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். ஓர் அறையில் மீன் இல்லாத மீன்தொட்டி ஒன்று இருந்தது. முதல் வருட மாணவர்கள் அதில் சொட்டுச் சொட்டாக மை விட்டு, அது விரிவதைப் பார்த்துத் தாளில் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பா வந்து தோளைத் தட்டும்வரை அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். உலகத்தில் தனக்கென்று ஓர் அறை கட்டி, விளக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஆனாலும் ஒரு தொட்டியை நம்பி வருடக்கணக்கைக் கொடுத்துவிட முடியாது. எனவே மனதுக்குள் ஒரு சோதனை வைத்தாள். கெட்டித் தண்ணீரை அப்படியே ரீலில் விடுவது. டம்ளரும் வெயிலும் சீட்டுக்குப் போதும் என்ற தைரியம் இருந்தது. தண்ணீரைப் பார்த்து அவர்கள் முகம் சுளிப்பார்கள். அப்போது, இது ஏன் தேன் மாதிரி இருக்கிறது என்று கேட்டுவிடுவது. பதில் தெரிந்தவர்களாக இருந்தால் இங்கே. இல்லாவிட்டால் கணிதம். அவளாக யோசித்து அவளாக வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கேள்வியைச் சத்தமாகச் சொல்லிக்கூடப் பார்த்திருந்தாள்.

ரீலைக் கல்லூரி கேட்ட அளவுக்கு மாற்றி அனுப்பும் வேலையை அண்ணன் வாங்கிக்கொண்டான். நீ அனுப்பினால் நிறமெல்லாம் மாறிவிடும், கொடு என்றான். பார்த்துப் பார்த்துச் சலித்த வீடியோதானே என்று அவளும் கொடுத்துவிட்டாள். திரும்ப ஒருமுறை பார்க்கவில்லை.

வேன் சிக்னலில் நின்றபோதெல்லாம் அப்பா யாருக்காவது போன் போட்டார். நேரா மேல் வகுப்பாம், நேரா மேல் வகுப்பாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். வீடு வருவதற்குள் அது அவளைவிடப் பெரிய செய்தியாக வளர்ந்திருந்தது.

அவளும் அண்ணனும் ஒரே அறையில், நடுவில் ஓர் அலமாரியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு இருந்தார்கள். அவனுக்கு இரவு வேலை. பகலில் தூங்குவதற்காகச் சன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்திருந்தான். அந்த அறைக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. அவள் தண்ணீரோடு மல்லுக்கட்டியதெல்லாம் அலமாரிக்கு இந்தப் பக்கம், அவன் விழித்துக்கொள்ளாதபடி விரல் நுனியால் கீபோர்டைத் தொட்டுத் தொட்டுத்தான்.

உள்ளே போனபோது அவன் தூங்காமல் படுத்திருந்தான்.

"கெடச்சிருச்சாமே கோட்டான். அப்பா எனக்கே போன் போட்டு எழுப்பிட்டாரு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை எதையோ உரசிக்கொண்டு ஓடியது.

"தண்ணிய ஏன் மாத்தினே?"

அவன் கொஞ்சமும் பதறவில்லை. "பார்க்க முடியலடி. தேன் மாதிரி இருந்துச்சு. மத்ததெல்லாம் அவ்வளவு அழகாப் பண்ணிட்டு, அதை மட்டும் அப்படியே விட மனசு வரல."

"தேன் மாதிரி இருக்குன்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா அனுப்பப் போனே?"

"ஏன் அப்படி இருக்குன்னு அவங்ககிட்ட கேக்கலாம்னு போனேன்."

அவன் புரியாமல் பார்த்தான். நடிப்பு இல்லை, உண்மையாகவே புரியவில்லை. அவன் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு ஷாட் பல கைகளைத் தாண்டிப் போகும். மேலதிகாரி பார்ப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரன் விட்ட பிசிறை இவன் துடைத்து வைப்பான், இவன் விட்டதை அவன் துடைப்பான். யாரும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை, செய்துவிட்டுச் சொல்வதும் இல்லை. சொல்லிக் காட்டினால்தான் அங்கே அசிங்கம். தங்கையின் ஷாட்டையும் அப்படித்தான் எடுத்து, துடைத்து, வைத்தான். அவனுக்குத் தெரிந்த பாசத்தில் அதைவிடப் பெரியது இல்லை.

எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டாள். அவன் கறுப்புத் துணிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். ஒரு அவசரப் படத்துக்காக ஸ்டுடியோவே சில கோப்புகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதில் நிஜத் தண்ணீரைப் படம் பிடித்து வைத்த துண்டுகள் இருந்தன. வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். இவன் அழிக்கவில்லை. ஊரிலுள்ள கம்பியையெல்லாம் அழிப்பவன் அதை மட்டும் விட்டு வைத்திருந்தான்.

"நான் சொல்லிடறேன்," என்றாள். "அது என்னோடது இல்லன்னு."

"அப்ப யாரோடதுன்னு கேப்பாங்க."

அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஸ்டுடியோவிலிருந்து அந்தக் கல்லூரிக்குத் தேர்வாளராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றான். வாசலில் பையைச் சோதித்து, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுகிற இடம் அது. ஒரு ஃபிரேம் வெளியே போனாலும் சும்மா விடமாட்டார்கள்.

"என் வேலை போயிடும் கோட்டான்."

அவள் காத்திருந்தாள். அடுத்து ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள். பரவாயில்லை, சொல்லு என்று அவன் சொன்னால், சொல்ல மாட்டேன் என்று இவள் சொல்லியிருப்பாள். அந்த அளவுக்கு அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை. போர்வையை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். அவள் அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

பேசாமல் போய்ச் சேர்ந்து, சீனியர்களின் லேபில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். எத்தனையோ பேர் எதையெதையோ மறைத்துக்கொண்டு படித்து முடிக்கவில்லையா? அந்த எண்ணத்தோடு சில நாள் ஓடியது. அதற்குள் துறைத்தலைவரே கூப்பிட்டார். கல்லூரி திறக்கும் நாளில் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். வீடியோவை அல்ல, தண்ணீரை உண்டாக்கிய மூலக் கோப்பையே கொண்டு வா, அதைத் திறந்து ஒவ்வொரு படியாக நீயே விளக்கு என்றார். அவள் ம் என்றாள். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அவளிடம் இருந்த மூலக் கோப்பைத் திறந்தால் தேன்தான் இறங்கும். கோப்பு தொலைந்துவிட்டது என்றால் இன்னொரு தண்ணீர் செய்து காட்டு என்பார்கள். இணையத்திலிருந்து எடுத்தேன் என்றால் திருடி என்று பெயர், சீட்டும் போகும், அப்பா அந்தத் துறைத்தலைவரின் காலிலேயே போய் விழுவார். உண்மையைச் சொன்னால் அண்ணன். எந்தக் கதவைத் தள்ளினாலும் அதற்குப் பின்னால் நாற்காலி போட்டு யாராவது வீட்டு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

தள்ளினால் திறக்கும் கதவு கணிதக் கல்லூரி மட்டும்தான். அதை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தத் தொட்டியும் மையும் இருந்த அறைக்கும் கணிதத்துக்கும் நடுவில் நின்று, கேட்டு, பதில் வாங்கி, இது என்று கை நீட்டியிருந்தால் அது தேர்வு. இது, எரிகிற வீட்டில் திறந்திருந்த சன்னல்.

இரண்டு கல்லூரிக்கும் இடத்தை உறுதிசெய்யக் கடைசி நாள் ஒன்றாகவே வந்தது. அன்று மாலை அப்பா வேனை நிறுத்திவிட்டு வந்ததும் அவள் சொல்லிவிட்டாள். நான் அங்கே சேரவில்லை, கணிதத்தில் சேர்கிறேன்.

அப்பா முதலில் சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா வேலையிலிருந்து வந்த சேலையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பயமா, ராகிங் ஏதாவதா, யாராவது தப்பாகப் பேசினார்களா என்று அம்மா வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டி இல்லை என்றாள்.

"பின்ன என்னடி? கைக்கு வந்ததை வாய்க்குப் போக விடாம நீயே தட்டி விடறே?"

"பிடிக்கலம்மா."

அப்பாவுக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை. நேற்றுவரை அதுதான் வேண்டும் என்று நின்றவள். அவர் தன் கட்சியை விட்டுக்கொடுத்து, இவர்கள் கட்சிக்கு மாறி, இன்று வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையின் தாய்க்கும் அதைச் சொல்லி முடித்திருந்தார். மாறின கட்சியில்தான் மனிதனுக்கு வெறி அதிகம். கணக்குப் படித்துவிட்டு எங்கே போவாய், வேனில் எத்தனை பிள்ளை என்று எண்ணப் போகிறாயா என்று கேட்டார். ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றார். அவள் லேப்டாப்பைத் திறந்து, கணிதக் கல்லூரியின் பக்கத்தில் உறுதிசெய்யும் பட்டனை அழுத்தினாள்.

அப்பாவின் போன் சிணுங்கியது.

எல்லா விண்ணப்பத்திலும் அவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். ஓடிபி அங்கேதான் வரும். அது இல்லாமல் பக்கம் நகராது. அப்பா போனை எடுத்துப் பார்த்தார். என்ன வந்திருக்கிறது என்று புரிந்ததும் மேசையில் கவிழ்த்து வைத்தார். திரையில் ஓரமாக நொடிகள் குறைந்துகொண்டே வந்து, குறியெண் காலாவதியாகிவிட்டது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. அவள் மீண்டும் அனுப்பு என்பதை அழுத்தினாள். கவிழ்ந்த போன் மேசையை அதிரவைத்து ஓய்ந்தது.

அண்ணன் குளித்து, சட்டை போட்டு, வேலைக்குப் போகப் பையோடு அறையிலிருந்து வெளியே வந்தான். உள்ளே இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருப்பான். அந்த வீட்டுச் சுவர் அவ்வளவுதான்.

"நீ சொல்லுடா," என்றார் அப்பா. "அது நல்ல காலேஜா, இல்லையா?"

அவன் வாசலில் குனிந்து ஷூவைத் தேடினான். ஒரு ஷூ கண்ணெதிரே இருந்தது.

"நல்ல காலேஜ்தான்பா."

"இவளுக்கு அங்க ஏதாவது குறையா?"

"குறையில்ல."

"கேட்டுக்கோ," என்றார் அப்பா அவளைப் பார்த்து. "இந்த வேலையிலேயே இருக்கிறவன் சொல்றான். இதுக்கு மேல உனக்கு என்ன கேடு, வாயத் திறந்து சொல்லு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"பிடிக்கலப்பா," என்றாள் அவள் மறுபடியும்.

சிவப்பு எழுத்து மறுபடி வந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். போன் மறுபடி அதிர்ந்தது. அப்பா அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். அதட்டியோ பிடுங்கியோ அவளுக்குப் பழக்கமில்லை. இரவு முழுக்க அழுத்திக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை தடவைக்கு மேல் அனுப்ப மாட்டார்கள் என்பதும் தெரியவில்லை.

அண்ணன் ஒரு ஷூவோடு நடந்து வந்தான். அப்பாவின் கைக்கு அடியிலிருந்து போனை மெதுவாக உருவினான். அப்பா தடுக்கவில்லை, மகன் என்ன செய்யப் போகிறான் என்று தெரியாத மனிதரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரையைத் திருப்பி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். குரல் தாழ்ந்திருந்தது. நடுவில் ஒன்று அவளுக்குக் கேட்கவில்லை.

"நாலா, ஏழா?"

"ஏழு."

அவள் தட்டினாள். அவன் இதை யாருக்காகச் செய்கிறான் என்று கேட்க அந்த ஓர் இடைவெளிதான் இருந்தது. அவள் கணிதத்தில் சேர்ந்துவிட்டால் கல்லூரி திறக்கும் நாளில் யாரும் எந்தக் கோப்பையும் திறக்கப் போவதில்லை. அவன் முகத்தில் தேடினாள். ஒரு பிசிறும் இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தான்.

உங்கள் இடம் உறுதியானது என்று பச்சையில் வந்தது.

அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அம்மா போனை எடுத்து முந்தானையால் துடைத்து, சார்ஜில் போட்டாள். அண்ணன் இன்னொரு ஷூவைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றி, நிலையைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றான்.

"கணக்கு கஷ்டமா இருக்குமாடி?"

"தெரியல."

அவன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். மாடிப்படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. எப்போதும்போல் ஒவ்வொரு படியாக அல்ல, இரண்டிரண்டாக.